இருபத்து மூன்றாம் பக்கம்

நின்றுகொண்டே சொல்லியிருக்கலாம் என்று குணசீலனுக்குத் தோன்றியபோது உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது, அதுவும் போயும் போயும் அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், யு.கே.ஜி. பிள்ளைகளுக்கென்று வாங்கிப் போட்டதில், முழங்கால் இரண்டும் மோவாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்க, இடுப்பை இரண்டு பக்கமும் நாற்காலியின் கைகள் இறுக்கிப் பிடிக்க, இனி எழுந்தால் நாற்காலியும் கூடவே எழும், அதில் சந்தேகமே இல்லை, அதனால் எழக் கூடாது, கதை முடிகிற வரைக்கும் இப்படியே இருந்துவிட வேண்டியதுதான். எதிரே ஜமுக்காளத்தில் இருபத்தாறு பிள்ளைகள். மூன்று தடவை எண்ணிவிட்டார். எண்ணுவது அவருக்கு நன்றாக வரும். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குக் கதை, பதினொன்றே காலுக்குக் கைவேலை, பன்னிரண்டுக்கு எல்லாரும் வீட்டுக்கு. திருச்சியில் அந்தக் கிளை நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் இரண்டு வருஷமாக நடக்கிற விஷயம் இது, நடத்துகிறவர் ஜெசிந்தா டீச்சர், நூலகரான குணசீலனுக்கு அதில் இருந்த பங்கு ஜமுக்காளத்தை உதறி விரிப்பது, கத்தரிக்கோல்களைக் கொடுப்பது, கொடுத்ததை எண்ணித் திரும்ப வாங்குவது, அவ்வளவே. நேற்று சாயங்காலம் டீச்சரிடமிருந்து போனில் குரல் பதிவு ஒன்று வந்தது. தொண்டை கட்டிக்கொண்டதாம், ஒரு வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம், இதை அந்த அம்மாள் குசுகுசுவென்று மூன்றரை நிமிஷம் பேசிச் சொல்லியிருந்தார். நாளைக்கு நீங்களே ஒரு கதை சொல்லிடுங்க சார், உங்களுக்கு என்ன, பொழுதன்னிக்கும் புத்தகத்துக்கு நடுவுல இருக்கிறவரு. இருக்கிறவர்தான், யார் இல்லையென்றார்கள், பேங்க் வாசலில் நிற்கிற காவல்காரர்கூட பொழுதன்னிக்கும் பேங்கில்தான் இருக்கிறார். இதையே பதிலாகச் சொல்லியிருக்கலாம். குணசீலன் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு இரவு முழுக்கப் புரண்டு படுத்தார்.

தூணுக்குப் பின்னால் ஒரு பச்சை ரிப்பன் தெரிந்தது. ரிப்பனுக்குச் சொந்தக்காரி நிறைமதி, இரண்டாம் வகுப்பு, குணசீலனின் ஒரே மகள், ஆனால் இந்த ஹாலில் அது யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது, அதுதான் ஒப்பந்தம். கதை நேரத்தில் சேர்ந்து மூன்றே வாரம், போன இரண்டு வாரமும் அம்மாவோடு பஸ்ஸில் வந்தாள், இன்றைக்கு அம்மா சுகந்திக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி, அதனால் அப்பாவின் ஸ்கூட்டரில். பாலக்கரை சிக்னலில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. "அப்பா, அங்க போனதும் நான் உங்களை சார்னு கூப்பிடறேன். நீங்களும் என்னைப் பாப்பான்னு கூப்பிடுங்க, எல்லாரையும் கூப்பிடற மாதிரி." ஏன் என்று கேட்கவில்லை. சரி என்றார். பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் நின்றதில் பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. ஏன் என்று எதற்குக் கேட்பது, தெரியாதா, போன மாதம் பள்ளிக்கூடத்தில் 'என் அப்பா' என்று ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தார்கள், அவள் எழுதியிருந்தாள், குணசீலன் கையெழுத்துப் போடுவதற்காக நோட்டைப் பிரித்தார். என் அப்பா பெயர் குணசீலன். அவர் நூலகத்தில் வேலை செய்கிறார். அங்கே நிறைய கதைகள் உள்ளன. அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் நல்லவர். ஐந்து வரி. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக், நட்சத்திரம் வேறு. நாலாவது வரி குத்தியது உண்மைதான், ஆனால் அதைவிட அந்த ஐந்தாவது வரி, பரிதாபப்பட்டுப் போட்டது மாதிரி, அடித்துவிட்டு மருந்து தடவினது மாதிரி. இன்றைக்கு இங்கே உளறினால் நாலாவது வரி கல்வெட்டாகிவிடும். இன்னொரு பள்ளிக்கூடம், இன்னொரு வகுப்பு, கல்லூரி, கல்யாணம் வரைக்கும் அதே வரி போகும், எங்க அப்பாவா, நல்லவருதான், ஆனா ஒன்றும் தெரியாது.

ஆரம்பித்துவிட்டார், ஆரம்பிக்காமல் இல்லை. ராத்திரி சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து நாலு தடவை படித்து வைத்திருந்தார், நரியையும் தர்ப்பூசணியையும் பற்றியது, கண்ணாடி முன்னால் நின்று நரி மாதிரி தலையைச் சாய்த்துக்கூடப் பார்த்துக்கொண்டார். "ஒரு காட்டுல ஒரு நரி" என்றதுமே முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஷாஹினா கையைத் தூக்கினாள். அந்தப் பெண் எதற்கும் கையைத் தூக்கிவிட்டுத்தான் பேசும், அவ்வளவு ஒழுங்கு. இது தெரியும் சார், தர்ப்பூசணிக்குள்ள இருந்து எறும்பு வரும், தீபாவளிக்கு முன்னாடியே டீச்சர் சொல்லிட்டாங்க. மற்ற பிள்ளைகளும் ஆமாம் ஆமாம் என்றன. பக்கத்தில் முன்பல் இரண்டும் இல்லாத பிரணவ், அந்த எறும்பு எப்படி வரும் என்பதைத் தன் தொடைமேல் விரல்களை ஓட்டிக் காட்டினான். போச்சு. நாலு தடவை படித்தது ஒன்றே கால் நிமிஷத்தில் போச்சு. மின்விசிறி கடகடவென்றது, மூன்றாவது விசிறி, ரிப்பேருக்கு எழுதிப்போட்டு எட்டு மாதம் ஆகிறது. பின்னால் பெஞ்சில் நாலு அம்மாக்கள், அதில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிரணவைப் பார்த்ததும் குணசீலனுக்கு இன்னொரு கிலி பிடித்தது. கைவேலைக்குப் பசை. காலையில் அவரே மைதா கிண்டிக் கொண்டுவந்து பின்மேஜையில் கிண்ணத்தில் வைத்து, பழைய செய்தித்தாளைப் போட்டு மூடியிருக்கிறார். பதினாலு வருஷமாகக் கிழிந்த புத்தகத்துக்கு பைண்டிங் செய்ய எப்போது பசை கிண்டினாலும் பூச்சி அரிக்காமலிருக்கக் கடைசியில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார், கை தானாகப் போடும், அது விஷம், புத்தகத்துக்கு நல்லது, பிள்ளைகளுக்கு ஆகாது. இன்றைக்குப் போட்டோமா, போடவில்லையா? பிரணவ் பசை தின்கிறவன். நக்குவான், விரலோடு. டீச்சரே இரண்டு தடவை பிடித்திருக்கிறார். போட்டிருந்தால் பசை நீலம் பாய்ந்திருக்கும், எழுந்து போய்ப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், ஆனால் எழுந்தால் நாற்காலியும் வரும், இருபத்தாறு பிள்ளைகள் முன்னால் பிருஷ்டத்தில் சிவப்பு நாற்காலியோடு பசைக் கிண்ணத்தை நோக்கி நடக்கிற அப்பாவை அந்தத் தூண் எப்படித் தாங்கும்?

வேற கதை சார், என்றது ஜமுக்காளம். வேறு கதை. மண்டைக்குள் தேடினார். அங்கே கதையே இல்லையா என்றால் இருந்தது, ஐயோ, ஆயிரக்கணக்கில் இருந்தது, ஆனால் எல்லாம் ஒரே ஒரு பக்கமாக இருந்தது. அது அவர் தொழிலில் வந்த வினை. நூலகத்துக்கு வருகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் ரகசியப் பக்கம் என்று ஒன்று உண்டு. முதல் பக்கத்தில் சீல் இருக்கும், அது ஊருக்குத் தெரிந்தது, எவனாவது புத்தகத்தை அமுக்க நினைத்தால் அதைத்தான் முதலில் கிழிப்பான். உள்ளே ஒரு பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் இன்னொரு சீல் இருக்கும். இந்த நூலகத்தில் அது இருபத்து மூன்றாம் பக்கம், குணசீலன் வருவதற்கு முன்னாலேயே யாரோ வைத்த கணக்கு. திரும்பி வருகிற புத்தகத்தை வாங்கி, விரலை விட்டு, இருபத்து மூன்றைப் பிரித்து, சீல் இருக்கிறதா என்று பார்த்து அடுக்க வேண்டும். பார்க்கும்போது கண் சும்மா இருக்குமா, இரண்டு வரி படிக்கும். பதினாலு வருஷம், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது புத்தகம், எல்லாவற்றிலும் இருபத்து மூன்றாம் பக்கம் மட்டும். முழுப் புத்தகம் படிக்க அவருக்கு ஏனோ கூச்சம், வேலை நேரத்தில் படித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, வீட்டுக்குப் போனால் புத்தக வாசனையே போதுமென்று. இந்த ரகசியம் பணியாளர்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, ஒரே ஒருத்தியைத் தவிர. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள் அவள் கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்து, ஏன்ப்பா எல்லாப் புக்லயும் ஒரே இடத்தையே பாக்கறீங்க என்று கேட்டுத் துளைத்தெடுத்ததில் சொல்லிவிட்டார். யார்கிட்டயும் சொல்லாதே என்றார். அம்மாகிட்டகூட சொல்லமாட்டேன் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தாள். அப்போது அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிட்டாள்.

"ராஜாவுக்கு விக்கல் நிக்கவே இல்ல" என்று யாரோ சொன்னார்கள். குணசீலன்தான். வாய் தானாகத் திறந்து சொல்லிவிட்டிருந்தது. மூணு நாளா விக்கல், ஒவ்வொரு விக்கலுக்கும் அரண்மனையில இருக்கிற மணி எல்லாம் தானா அடிக்குது, ஜனங்க பள்ளிக்கூடம் விட்டாச்சுன்னு நினைச்சு வீட்டுக்குப் போயிடறாங்க. பிள்ளைகள் சிரித்தன. எந்த ராஜா, விக்கல் எதற்காக வந்தது, அதெல்லாம் இருபத்திரண்டாம் பக்கத்தில் இருந்திருக்கும், யார் கண்டது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வேண்டுமே. அந்த நேரம் பார்த்து ஒரு முதலை வந்து கதவைத் தட்டிச்சு. கையில ஒரு பெட்டி. இது வேறு புத்தகம், பச்சை அட்டை, முதுகு பிய்ந்து இரண்டு தடவை தைத்தது. கதவைத் திறக்க ஆளில்ல, ஏன்னா தபால்காரர் இன்னும் புளியமரத்து மேலதான் இருக்காரு, இறங்கமாட்டேன்னு சொல்லிட்டாரு. இது மூன்றாவது புத்தகம், இதில் டீ சிந்திய கறை இருக்கும். ஷாஹினா கையைத் தூக்கினாள். தபால்காரர் ஏன் சார் மரத்துல ஏறினார்? "அது அந்தப் பக்கத்துல இல்லம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார், நல்ல வேளை, ஷாஹினா அதை மரத்தின் அந்தப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு, அப்ப எந்தப் பக்கத்துல ஏறினார் என்றாள். பிரணவ் இந்தப் பக்கம் என்று சாட்சி சொன்னான். அப்புறம் இட்லி. ஒரு வீட்டுல இட்லி வெந்துக்கிட்டே இருக்கு, பெருத்துக்கிட்டே இருக்கு, இப்ப அது வாசலை விடப் பெரிசா ஆயிடுச்சு, உள்ள இருக்கிறவங்க வெளிய வர முடியாது, வெளிய இருக்கிற முதலை உள்ள போக முடியாது. அப்படியானால் முதலை தட்டியது அந்த வீட்டுக் கதவைத்தானா? குணசீலனுக்கே இப்போதுதான் தெரிந்தது, ஆச்சரியமாக இருந்தது. ஊரே சிரிக்குது, யானை மட்டும் சிரிக்கல. ஏன் சிரிக்கல, ஏன் சிரிக்கல என்று ஜமுக்காளம் முழங்காலில் எழுந்து முன்னால் நகர்ந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து ரிப்பனோடு ஒரு காது வெளியே வந்தது, பிறகு ஒரு கண். அந்தக் கண்ணைப் பார்க்காத மாதிரி பார்த்தபடி குணசீலன் ஒரு கப்பலைக் கிணற்றுக்குள் இறக்கினார், ஒரு தையல்காரருக்கு நிழலைக் காணாமல் போக்கினார், ராஜாவை இரண்டு தடவை விக்கவிட்டார். வியர்வை முதுகில் ஓடியது. நன்றாக இருந்தது. பதினாலு வருஷத்தில் தின்றதெல்லாம் வயிற்றில் அப்படியே இருந்திருக்கிறது.

ஆனால் கடிகாரம் பதினொன்று பத்து. முடிக்க வேண்டும். முடிப்பதா? அப்போதுதான் அந்தப் பாவி மனுஷருக்குத் தாம் எங்கே வந்து நிற்கிறோம் என்பதே உறைத்தது. விக்கல் நிற்கவில்லை, முதலை வாசலில், தபால்காரர் மரத்தில், இட்லி நிலைப்படியில், கப்பல் கிணற்றில், யானை உம்மென்று. இருபத்து மூன்றாம் பக்கத்தில் எந்தக் கதையும் முடியாது. எல்லாரும் வகையாக மாட்டிக்கொண்டிருக்கிற இடம் அது. "அப்புறம் எப்படி முடிஞ்சுது சார்?" என்றான் பிரணவ். ஏதாவது அடித்துவிடலாம். எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்கன்னு சொல்லிடலாம், அம்மாக்கள் கைதட்டுவார்கள், படத்திலும் பதிவாகும். தூணைப் பார்த்தார். முகம் முழுக்க வெளியே வந்திருந்தது. அது அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, கண்ணிமைக்காமல், பஸ் வருமா வராதா என்று பார்க்கிற மாதிரி. நாலாவது வரி. பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியும், இந்த மனுஷர் இருபத்து மூன்றைத் தாண்டினதில்லை என்று. உண்மையைச் சொன்னால் ஊருக்கே தெரியும். பொய் சொன்னால் ஐந்தாவது வரியும் போகும், அதுதான் பாக்கியிருக்கிறது.

"தெரியாது" என்றார் குணசீலன். "எனக்கு நடுவுலதான் தெரியும். கடைசிப் பக்கத்தை நான் பாத்ததே இல்ல."

ரிப்பன் சட்டென்று தூணுக்குப் பின்னால் போய்விட்டது. சரி, முடிந்தது, எழுதி ஒட்டியாகிவிட்டது. இரண்டு நொடி இருக்கும், ஷாஹினா கையைத் தூக்கக்கூட மறந்து போய் எழுந்து நின்றாள். முதலை இட்லியைத் தின்னுடும் சார், தின்னா வாசல் திறந்துடும். இன்னொன்று எழுந்தது, இல்ல, யானைதான் தின்னும், அதுக்குப் பசி, அதான் சிரிக்கல. பெட்டிக்குள்ள என்ன, பெட்டிக்குள்ள சட்னி. தபால்காரர் முதலையைப் பாத்துத்தான் மரத்துல ஏறியிருக்காரு, எவ்ளோ நேரமா இதுகூடத் தெரியலையா சார் உங்களுக்கு? கிணற்றில் விழுந்த கப்பலை ராஜாவின் விக்கலே எப்படி மேலே தூக்கிப் போட்டது என்பதற்கு மூன்று பேர் மூன்று கணக்குச் சொன்னார்கள், ஒருத்தன் கணக்கை இன்னொருத்தன் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டை வந்துவிடும் போலிருந்தது. குணசீலன் எழுந்தார். நாற்காலியும் எழுந்தது. ஹால் முழுக்கச் சிரித்தது, அம்மாக்கள் உட்பட, போன் வைத்திருந்தவர் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்தது. குணசீலன் நாற்காலியைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் நேரே பின்மேஜைக்குப் போய்ச் செய்தித்தாளைத் தூக்கிப் பார்த்தார். பசை வெள்ளை வெளேரென்று இருந்தது. போடவில்லை. கடவுளே, போடவில்லை. அதற்கப்புறம்தான் நாற்காலியை இறக்கி வைத்தார்.

டீச்சர் திட்டப்படி இன்றைக்குக் காகிதத் தட்டில் சிங்க முகம். சிங்கம் வேண்டாம், புத்தகம் செய்வோம் என்றார். இது அவருக்குத் தெரியும், இதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தாளை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, ஓரம் வெட்டி, கோணூசியால் மூன்று துளை, மெழுகு தடவின நூல், ஒரு முடிச்சு, எட்டுப் பக்கம், அட்டைக்குப் பசை. அவர் கை ஓடுகிற வேகத்தைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. தைத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய் ஆளாளுக்கு ஒரு முடிவு எழுதினார்கள், எழுதத் தெரியாததுகள் வரைந்தன. முடித்துவிட்டுக் கொண்டுவந்தால் நூலக சீல் வைத்துத் தரப்படும் என்று அறிவித்ததும் மேஜை முன்னால் வரிசை நின்றுவிட்டது. பழக்கதோஷம், ஒவ்வொன்றையும் வாங்கினதும் விரல் தானாக உள்ளே போய் இருபத்து மூன்றைத் தேடியது, எட்டுப் பக்கப் புத்தகத்தில் அது எங்கே இருக்கும், அசடு வழிந்தபடி கடைசிப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார். பிரணவின் புத்தகத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, ஓரத்தில் நாக்குத் தடம். ஷாஹினா பொருளடக்கம் போட்டிருந்தாள். வரிசை குறைய குறைய அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை, கடைசியில் யார் நிற்பாளென்று தெரியும், அந்த முகத்தில் என்ன இருக்கும் என்பதுதான் தெரியாது, அதனால் சீலை மைப்பெட்டியில் தேவைக்கு அதிகமாகவே ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். கூட இன்னொரு கிலி, அவள் புத்தகம் காலியாக இருந்தால்?

"சார், என்னோடது" என்றது குரல்.

வாங்கினார். விரல் உள்ளே போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகப் பக்க எண் போட்டிருந்தாள், முதலை, இட்லி, யானை எல்லாம் வந்து போயின. மூன்றுக்கு அடுத்த பக்கத்தின் மூலையில் பெரிதாக 23 என்று எழுதியிருந்தது. படம் கிடையாது. பென்சிலில், கோடு போட்டு, வரி வரியாக. என் அப்பா பெயர் குணசீலன். அவர் நூலகத்தில் வேலை செய்கிறார். அங்கே நிறைய கதைகள் உள்ளன. அவருக்கு எல்லாக் கதையிலும் நடு தெரியும். அவர் நல்லவர். குணசீலன் நாலாவது வரியை இரண்டு தடவை படித்தார். ஐந்தாவதையும் படித்தார், அது இப்போது வேறு மாதிரி இருந்தது. கண்ணில் என்னவோ மறைத்தது, மூன்றாவது விசிறியிலிருந்து தூசி விழுந்திருக்க வேண்டும், எழுதிப்போட்டு எட்டு மாதம் ஆகிறது. சீலை எடுத்தார், ஒற்றினார், ரகசியப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தலைகீழாக விழுந்தது.

நிறைமதி எட்டிப் பார்த்தாள். "தலைகீழா வச்சிட்டீங்கப்பா" என்றாள், நன்றாகக் கேட்கும்படி.

பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஷாஹினா திரும்பினாள். கையைத் தூக்கினாள். "சார் உங்க அப்பாவா?"

"ஆமா" என்றாள் நிறைமதி, மை காய்வதற்காகப் பக்கத்தை ஊதிக்கொண்டே. "இப்பத்தான் கத்துக்கறாரு."